வாக்கெடுப்புக்குப் பணம் கொடுத்தது யார்?

1994 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களிடம் ‘முன்மொழிவு 188’ என்ற சட்ட வரைவு நேரடி வாக்கெடுப்புக்கு வந்தது. மாநிலம் முழுவதும் ஒரே மாதிரியான புகைபிடித்தல் கட்டுப்பாடு வேண்டும் என்றது அது. அதை முன்னெடுத்த குழு தன் பெயரிலேயே மாநிலம் தழுவிய புகைக் கட்டுப்பாட்டை வைத்திருந்தது. சாலையோர விளம்பரப் பலகைகளும் கடுமையான கட்டுப்பாடு என்றே பேசின. சிகரெட் புகை பிடிக்காதவர்கள் கையெழுத்துப் போடவும் வாக்களிக்கவும் தயங்க வேண்டிய காரணம் எதுவும் வெளியில் தெரியவில்லை.

பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ். முன்மொழிவு நிறைவேறியிருந்தால் ஊர் ஊராக நகராட்சிகள் போட்டிருந்த கடுமையான விதிகளும், அதே ஆண்டு மாநிலம் இயற்றிய பணியிடப் புகைத் தடையும் போய், அவற்றைவிடத் தளர்வான ஒரு விதி வந்திருக்கும். தேர்தல் நெருங்க நெருங்க யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்ற செய்தி பரவியது. கடைசியில் சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். முன்மொழிவின் வாசகம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததும் அதைப் படிக்கிற விதம் மாறிவிட்டது.

வாக்கெடுப்புப் பிரச்சாரங்களின் நிதி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்பதன் அடிப்படைக் காரணம் இதுதான். நம் ஊர்களில் மக்கள் நேரடியாகச் சட்டத்துக்கு வாக்களிக்கும் வழக்கம் இல்லை என்பதால் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஏறக்குறைய பாதி மாநிலங்களில், குடிமக்கள் கையெழுத்துச் சேகரித்து ஒரு சட்டத்தையோ சட்டத் திருத்தத்தையோ தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்ற முடியும். கலிபோர்னியாவில் இந்த உரிமை 1911இல் வந்தது. அன்றைக்கு அந்த மாநில அரசியலைக் கையில் வைத்திருந்தது சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனம். அதன் பிடியை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரான ஹைரம் ஜான்சன், சட்டமன்றத்தைத் தாண்டி மக்களே சட்டம் போடும் வழியைத் திறந்துவிட்டார். சாதாரண சட்டம் என்றால் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீத அளவுக்கும், அரசியல் சாசனத் திருத்தம் என்றால் 8 சதவீத அளவுக்கும் கையெழுத்து வேண்டும். 2024 தேர்தலுக்கு இந்தக் கணக்கு முறையே சுமார் 5.46 லட்சமும் 8.74 லட்சமும் ஆனது. இவ்வளவு கையெழுத்தைச் சில மாதங்களுக்குள் தன்னார்வலர்களை மட்டும் வைத்துச் சேர்ப்பது மிகக் கடினம். அதனால் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆள் வைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களிடமிருந்து மக்களைக் காக்க வந்த வழியில் பெரிய நிறுவனங்களே முதலில் நுழைய முடிகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் வழியையே மூடிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யார் நுழைகிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

பணத்துக்கு வரம்பு போட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 1978இல் பாஸ்டன் நகரின் ஒரு வங்கி தொடுத்த பெலாட்டி வழக்கில், மக்கள் வாக்கெடுப்புகளில் நிறுவனங்கள் பணம் செலவழிப்பதைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1981இல் பெர்க்லி நகர வழக்கில், வாக்கெடுப்புக் குழுக்களுக்கு ஒருவர் இவ்வளவுதான் நன்கொடை தரலாம் என்ற உச்சவரம்பும் செல்லாது என்றது. நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. வேட்பாளருக்குப் பணம் கொடுத்தால் அவர் பதவிக்கு வந்ததும் கைமாறு செய்யக்கூடும், அது லஞ்சம். ஒரு சட்ட வாசகத்துக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. ஆக, வேட்பாளர் தேர்தலில் இருக்கிற நன்கொடை வரம்புகள் இங்கே கிடையாது. இரண்டு தீர்ப்புகளும் விட்டுவைத்த ஒரே கருவி, கொடுத்தவர் பெயரை வெளியிடச் சொல்வது. அது பழுதானால் வேறு எதுவும் மிச்சமில்லை.

பெயர் தெரிவதால் வாக்காளருக்கு உண்மையில் என்ன லாபம்? இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1988இல் கலிபோர்னியாவில் வாகனக் காப்பீட்டைச் சீர்திருத்துவதாகச் சொல்லி ஒரே வாக்குச்சீட்டில் ஐந்து முன்மொழிவுகள் இருந்தன. சில காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்தவை, ஒன்று வழக்கறிஞர்கள் தரப்பிலிருந்து வந்தது, ‘103’ என்ற எண் கொண்டதை ஒரு நுகர்வோர் அமைப்பு கொண்டுவந்தது. எல்லாமே கட்டணம் குறையும் என்றன. காப்பீட்டுத் துறை மட்டும் 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஆர்தர் லூபியா என்ற அரசியல் அறிவியலாளர் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார். முன்மொழிவுகளின் விவரம் தெரியாவிட்டாலும் காப்பீட்டுத் துறை எதை ஆதரிக்கிறது என்பது தெரிந்தவர்கள், எல்லா விவரமும் படித்துத் தெரிந்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். இரண்டும் தெரியாதவர்களின் வாக்குகள்தான் வேறு மாதிரி போயிருந்தன. ஐந்தில் ‘103’ மட்டும் வென்றது.

வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் பத்துப் பதினைந்து முன்மொழிவுகளைச் சட்ட மொழியில் படித்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. வேட்பாளர் என்றால் கட்சி இருக்கிறது, சின்னம் இருக்கிறது, பழைய வரலாறு இருக்கிறது. முன்மொழிவுக்கு இவை எதுவும் கிடையாது. அதன் பின்னால் இருக்கிற பெயர்தான் கட்சிச் சின்னத்தின் வேலையைச் செய்கிறது. பணம் கொடுப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பெயரை மறைக்க இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

எவ்வளவு தூரம் மெனக்கெடுவார்கள் என்பதற்கு 2012 கலிபோர்னியா. அந்த நவம்பரில் ‘முன்மொழிவு 30’ பள்ளிகளின் நிதிப் பற்றாக்குறையைச் சமாளிக்க வரி உயர்வு கேட்டது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதற்காக ஊர் ஊராகப் பேசினார். ‘முன்மொழிவு 32’ தொழிற்சங்கங்கள் உறுப்பினர் சம்பளத்திலிருந்து அரசியலுக்குப் பணம் பிடிப்பதைத் தடுக்க வந்தது. அக்டோபர் நடுவில் ‘ஸ்மால் பிசினஸ் ஆக்‌ஷன் கமிட்டி’ என்ற குழுவுக்கு ஒரே தவணையாக 1.1 கோடி டாலர் வந்தது. 30ஐ எதிர்க்கவும் 32ஐ ஆதரிக்கவுமான பணம். கொடுத்தது அரிசோனாவைச் சேர்ந்த ‘அமெரிக்கன்ஸ் ஃபார் ரெஸ்பான்சிபிள் லீடர்ஷிப்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு. கலிபோர்னியாவில் அதைக் கேள்விப்பட்டவர்கள் அரிது.

சட்டப்படி கணக்கில் ஒரு பெயர் இருந்தது. விதி நிறைவேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் வாக்காளருக்கு எதையும் சொல்லவில்லை. மாநிலத்தின் நியாய அரசியல் நடைமுறை ஆணையம், அதாவது எஃப்.பி.பி.சி., அந்த அமைப்பின் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் போனது. இது 1974இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலமே உருவான ஆணையம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூடி ஆவணங்களைக் கொடுக்கச் சொன்னது. மறுநாள் காலை அந்த அமைப்பு இறங்கிவந்து உண்மையைச் சொன்னது: பணம் எங்களுடையது இல்லை, ‘சென்டர் டு ப்ரொடெக்ட் பேஷன்ட் ரைட்ஸ்’ என்ற இன்னோர் அமைப்பு கொடுத்தது. அதற்கு? வர்ஜீனியாவில் இருந்த ‘அமெரிக்கன்ஸ் ஃபார் ஜாப் செக்யூரிட்டி’ கொடுத்தது. அதற்குக் கொடுத்த ஆட்கள் யார்? அது தேர்தல் முடியும்வரை தெரியவில்லை.

ஒரு சிறு வணிகர் குழு, அதற்குப் பின்னால் பொறுப்பான தலைமை, அதற்குப் பின்னால் நோயாளிகளின் உரிமை, அதற்கும் பின்னால் வேலைப் பாதுகாப்பு. யாருமே எதிர்க்க முடியாத பெயர்களாக நான்கு அடுக்கு. 2013 அக்டோபரில் ஆணையமும் அன்றைய மாநில அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸும் நடுவில் இருந்த இரண்டு இடைத்தரகு அமைப்புகளிடமிருந்து 10 லட்சம் டாலர் அபராதம் வாங்கினார்கள். கலிபோர்னியாவின் இந்த வகை வழக்குகளில் அதுவரை இல்லாத தொகை.

முன்மொழிவு 30 வென்றது, 32 தோற்றது. அதனால் அந்தப் பணம் பலிக்கவில்லை, பிறகென்ன என்று சிலர் சொல்வதுண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தத் தேர்தலில் கலிபோர்னியர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் தபாலில் வாக்களித்தார்கள். நவம்பர் 5ஆம் தேதி காலை அந்த இரண்டு பெயர்கள் வெளிவந்தபோது அவர்களில் பெரும்பாலோர் வாக்கைப் போட்டு அனுப்பி முடித்திருந்தார்கள். ஓராண்டு கழித்து வந்த அபராதத்தால் அவர்களுக்கு என்ன பயன்?

வாஷிங்டன் மாநிலத்தில் அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் தெளிவான கதை, ஏனென்றால் அங்கே மறைக்கும் நோக்கமே நீதிமன்றத்தில் நிரூபணமானது. மரபணு மாற்றிய உணவுப் பொருள்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2012இல் கலிபோர்னியாவில் வந்த ‘முன்மொழிவு 37’ தோற்றது. ஆனால் அதை எதிர்த்துப் பணம் கொடுத்த உணவு நிறுவனங்கள் பெயரோடு வெளியில் தெரிந்து வாடிக்கையாளர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டன. 2013இல் வாஷிங்டனில் அதே கோரிக்கை ‘முன்மொழிவு 522’ ஆக வந்தபோது, மளிகைப் பொருள் உற்பத்தியாளர்களின் சங்கமான ஜி.எம்.ஏ. ஒரு தனிக் கணக்கைத் திறந்தது. பிராண்டுகளைக் காக்கும் கணக்கு என்று அதற்குப் பெயர். உறுப்பினர் நிறுவனங்கள் வழக்கமான சந்தாவுக்கு மேல் அதில் பணம் போட்டன. சங்கம் தன் பெயரில் 1.1 கோடி டாலரை எதிர்ப்புக் குழுவுக்கு எடுத்துக் கொடுத்தது. எந்த நிறுவனமும் தனியாகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. சங்கத்தின் உள் ஆவணங்களே அதைச் சொன்னன.

மாநில அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் அக்டோபர் நடுவில் வழக்குப் போட்டார். சில நாளில் சங்கம் பெயர்களை வெளியிட்டது: பெப்சி, நெஸ்லே, கோக-கோலா ஆகியவை ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல். வாஷிங்டனில் எல்லோருக்கும் தபால் வாக்குதான். வாக்குச்சீட்டுகள் வீடுகளுக்குக் கிளம்பிய அதே சமயத்தில் பெயர்கள் வந்தன, கலிபோர்னியாவைவிடக் கொஞ்சம் முன்னதாகவாவது. முன்மொழிவு சுமார் 51 சதவீத எதிர்ப்பு வாக்குகளில் தோற்றது.

அப்புறம் வழக்கு நீண்டது. 2016இல் நீதிமன்றம் 60 லட்சம் டாலர் அபராதம் போட்டு, வேண்டுமென்றே செய்தது என்பதால் அதை மூன்று மடங்காக்கி 1.8 கோடி ஆக்கியது. மேல்முறையீடுகள் ஓடி, 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தொகையை உறுதிசெய்தது. அதற்குள் சங்கம் தன் பெயரையே மாற்றிக்கொண்டிருந்தது. நான்கு நீதிபதிகள் தொகை மிகை என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறைத்துச் செலவழித்த பணத்தைவிடக் குறைவாக அபராதம் இருந்தால் அது பிரச்சாரச் செலவில் ஓர் இனமாகச் சேர்ந்துவிடும்.

பெயர் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020இல் ‘முன்மொழிவு 22’ செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டத்திலிருந்து நிறுவனங்களுக்கு விலக்குக் கேட்டது. ஊபர், லிஃப்ட், டோர்டேஷ், இன்ஸ்டாகார்ட் போன்றவை சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின. எதிர்த்த தொழிற்சங்கங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. யார் கொடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றது. நேர் எதிராக, 2010இல் பி.ஜி.&இ. என்ற மின் நிறுவனம், உள்ளாட்சிகள் மின் விநியோகத்தில் இறங்குவதைக் கடினமாக்கும் ‘முன்மொழிவு 16’க்கு 4.6 கோடி டாலர் செலவழித்தும் தோற்றது. அதுவும், அதன் மின் கட்டண ரசீது போகிற பகுதிகளில்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. அந்த நிறுவனத்தை அனுபவத்தில் அறிந்தவர்களுக்கு அதன் பெயரே போதுமானதாக இருந்தது. 2022இல் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் ‘முன்மொழிவு 27’ஐ வீடற்றோர் நலத் திட்டமாக விளம்பரப்படுத்தின. ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் ஆகியவற்றின் பெயர்கள் விளம்பரத்திலேயே இருந்தன. 80 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. வாக்காளர் பெயரைப் பார்த்து எப்படி முடிவெடுக்கிறார் என்பது அவர் உரிமை. பார்க்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. 1958இல் அலபாமா மாநிலம் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கொடுக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். பட்டியல் வெளியே போனால் வேலை போகும், வீடு எரியும் என்ற நிலை அன்றைக்கு. 2008இல் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்த ‘முன்மொழிவு 8’க்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் இணையத்தில் வந்தபின் மிரட்டல்களும் புறக்கணிப்புகளும் நடந்தன. ஆயிரம் டாலர் கொடுத்திருந்த பிரெண்டன் ஐக், 2014இல் மொசில்லா நிறுவனத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. கொலராடோவில் பார்க்கர் நார்த் என்ற குடியிருப்புப் பகுதியை அடுத்த ஊரோடு இணைப்பதை எதிர்த்து, அக்கம்பக்கத்தார் சிலர் ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் சேர்த்துப் பலகை வைத்தார்கள். குழுவாகப் பதிவு செய்யவில்லை, 20 டாலர் கொடுத்தவர் பெயரைக்கூடக் கணக்கில் காட்டவில்லை என்று அவர்கள் மேல் புகார். வழக்கறிஞர் செலவு சேர்த்த பணத்தைத் தாண்டிவிட்டது. 2010இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அது சரியான தீர்ப்பு. வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசி அட்டை எழுதுகிற அயலாரையும் பெப்சியையும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்வது வெளிப்படைத்தன்மை ஆகாது.

ஆக, சின்ன ஆளை விட்டுவிட வேண்டும், பெரிய பணத்தைக் கடைசி வேர்வரை தொடர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்த்த சட்டம் அரிசோனாவுடையது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் டெர்ரி காடர்ட் முன்னின்று கொண்டுவந்த ‘முன்மொழிவு 211’ 2022இல் 72 சதவீத வாக்கில் நிறைவேறியது. மாநில அளவிலான பிரச்சார விளம்பரங்களுக்கு 50,000 டாலருக்கு மேல் செலவழிக்கும் குழு, 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவரை வெளியிட வேண்டும். அதுவும் இடையில் கைமாற்றிய அமைப்பைச் சொன்னால் போதாது, அந்தப் பணத்தை முதலில் சம்பாதித்தவர் யாரோ அவரைச் சொல்ல வேண்டும். பணத்தை இதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று நன்கொடையாளருக்கு முன்பே தெரிவித்து, வேண்டாம் என்று விலக 21 நாள் தர வேண்டும். மிரட்டலுக்கு அஞ்சுபவர்களுக்கு விலக்கும் உண்டு. 2012இல் கலிபோர்னியாவுக்குப் பணம் வந்த நான்கு அடுக்கையும் இந்த விதி நேராகத் துளைத்திருக்கும்.

கலிபோர்னியாவும் சும்மா இருக்கவில்லை. 2018 முதல் விளம்பரத்திலேயே 50,000 டாலருக்கு மேல் கொடுத்த முதல் மூன்று பேரைக் காட்ட வேண்டும். தொலைக்காட்சியில் திரையின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பின்னணியில், குறைந்தது ஐந்து விநாடி. 2020 முதல் கையெழுத்துக் கேட்டு வருபவர் கையிலும் பெரிய நன்கொடையாளர் பட்டியல் இருக்க வேண்டும். கடைவாசலில் நின்று கேட்கிறவரிடம் அந்தத் தாளைக் காட்டச் சொல்லலாம்.

எல்லை தாண்டி வரும் பணம் தனிச் சிக்கல். அமெரிக்கத் தேர்தலில் வெளிநாட்டவர் பணம் போடக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புகளுக்குப் பொருந்தாது என்று 2021இல் வெளியான முடிவில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. மொன்டானாவில் சுரங்கம் தொடர்பான வாக்கெடுப்பில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பணம் குறித்து வந்த புகார் அது. அதே 2021இல் மெய்ன் மாநிலத்தில், கனடாவிலிருந்து மாசசூசெட்ஸுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையைத் தடுக்கும் வாக்கெடுப்பில் க்யூபெக் அரசுக்குச் சொந்தமான ஹைட்ரோ-க்யூபெக் 2.2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. எதிர்ப்பக்கம் நின்று செலவழித்தது நெக்ஸ்ட்எரா என்ற போட்டி மின் நிறுவனம். 2023இல் மெய்ன் மக்கள் 86 சதவீத ஆதரவோடு வெளிநாட்டு அரசுகளின் பணத்துக்குத் தடை போட்டார்கள். நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த நிறுத்தத்தை உறுதிசெய்தது.

பிரிட்டனில் 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பின்போது வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி.க்கு 4,35,000 பவுண்டு வந்தது. அதில் 2,82,000 பவுண்டுக்கு, வட அயர்லாந்தில் விநியோகமே ஆகாத மெட்ரோ நாளிதழில் விளம்பரம் போட்டார்கள். அங்கே நன்கொடையாளர் பெயரை ரகசியமாக வைக்கும் விதி, கலவர காலத்தில் உயிர்ப் பயம் கருதி வந்தது. பணத்தைக் கொண்டுவந்த அமைப்பின் பெயர் மட்டும் பின்னால் வெளிவந்தது. அந்த அமைப்புக்குக் கொடுத்தவர் பெயர் இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை.

மக்கள் வாக்கெடுப்புக்கே பேர்போன சுவிட்சர்லாந்தில் 2022 அக்டோபர் வரை தேசிய அளவில் எந்த வெளிப்படை விதியும் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே குடியுரிமை பெற்று, ஆண்டுக்குச் சில முறை தபாலில் வாக்களிக்கிற ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் கைக்கு வந்த வாக்குச்சீட்டுகளின் பின்னணிப் பணத்தை அவர்களாலும் பார்க்க முடிந்ததில்லை. இப்போது 50,000 பிராங்குக்கு மேல் செலவழிக்கும் பிரச்சாரம், 15,000 பிராங்குக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரை வாக்கெடுப்புக்கு 45 நாள் முன்பே கூட்டாட்சித் தணிக்கை அலுவலகத்திடம் தர வேண்டும். ஓய்வூதியத்தில் பதின்மூன்றாவது மாதத் தொகை கேட்ட 2024 மார்ச் 3 வாக்கெடுப்பு, இந்த விதியின் கீழ் நடந்த முதல் வாக்கெடுப்புகளில் ஒன்று. மீறினால் உச்ச அபராதம் 40,000 பிராங்கு. கோடிக்கணக்கில் செலவழிக்கும் தரப்புக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவுகூட இல்லை. ஆனால் 45 நாள் என்ற கெடு எனக்குப் பிடித்திருக்கிறது. கலிபோர்னியாவில் இப்போது ஒவ்வொரு வாக்காளருக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே தபாலில் சீட்டு போய்விடுகிறது. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் 1,000 டாலருக்கு மேல் வரும் நன்கொடையை 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. 2012இல் அந்த 1.1 கோடியும் ஒரு பெயரோடு தெரிவிக்கப்பட்டதுதான். முதல் ஊற்றைச் சொல்லும் அரிசோனா விதியும், சீட்டு வீட்டுக்கு வருமுன் கணக்கைக் கேட்கும் சுவிஸ் கெடுவும் ஒரே சட்டத்தில் சேர வேண்டும்.